அன்மவுன்ட் ஆன பின்னும் விடுபடாத வட்டு: ஒரு லினக்ஸ் சர்வரில் நடந்த நிகழ்வின் ஆய்வு

பழைய ஸ்டோரேஜ் பெட்டியிலிருந்து புதியதற்குத் தரவை மாற்றி முடித்த பிறகு, பழைய வட்டுகளைச் சர்வரிலிருந்து கழற்றிவிடுவது பத்து நிமிட வேலை என்றே எங்கள் பணித்திட்டத்தில் எழுதியிருந்தோம். அது ஓர் இரவு முழுவதையும் எடுத்துக்கொண்டது. தரவு எதுவும் போகவில்லை. ஆனால் போயிருக்கக்கூடிய இரண்டு தருணங்கள் அந்த இரவில் இருந்தன. அந்த இரண்டையும் பதிவு செய்துவைக்க வேண்டும் என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

சர்வர் காப்புப் பிரதிகளைச் சேர்த்துவைக்கும் ஒரு லினக்ஸ் இயந்திரம். ஸ்டோரேஜ் பெட்டி பிரித்துக் கொடுக்கும் ஒவ்வொரு வட்டுப் பகுதியையும் எங்கள் துறையில் லன் என்போம். இந்தச் சர்வருக்கு அப்படி மூன்று லன்கள் வந்திருந்தன: ஒன்று 4 டெராபைட், ஒன்று 2 டெராபைட், பிற்பாடு சேர்த்த மற்றொன்று 1 டெராபைட். ஒவ்வொன்றும் ஃபைபர் சேனல் எனப்படும் ஸ்டோரேஜ் வலையமைப்பு வழியாக நான்கு பாதைகளில் வந்தது. அந்த நான்கையும் மல்டிபாத் என்ற அடுக்கு ஒரே சாதனமாகக் கட்டியிருந்தது. அதன்மேல், வட்டு இடத்தை லாஜிக்கல் வால்யூம்களாகப் பிரித்துத் தரும் எல்விஎம், அதற்கும் மேலே எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமை. வழக்கமான அடுக்குத்தான்.

கழற்றும் வேலை தொடங்கியபோது மூன்றையும் அன்மவுன்ட் செய்தோம், அதாவது அவற்றை அடைவுகளோடு பொருத்தியிருந்த மவுன்ட் இணைப்பை நீக்கினோம். மூன்றுமே எந்த முணுமுணுப்பும் இல்லாமல் அன்மவுன்ட் ஆயின. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் அடுத்த ஒரு மணி நேரம் எங்களைத் தவறான திசையில் அலையவிட்டது இந்த வெற்றிதான். அடுத்து எல்விஎம் அடுக்கைச் செயலிழக்கச் செய்யும் கட்டளையைக் கொடுத்தபோது, 1 டெராபைட் லன் உடனே விடுபட்டது. மற்ற இரண்டும் மறுத்துவிட்டன. அந்த லாஜிக்கல் வால்யூமில் பயன்பாட்டில் உள்ள கோப்பு முறைமை ஒன்று இருக்கிறது என்பதே கிடைத்த பதில். மவுன்ட் பட்டியலைத் திரும்பப் பார்த்தோம். அதில் அந்த இரண்டும் இல்லை. மல்டிபாத் அடுக்கை நேரடியாக விடுவிக்க முயன்றால், சாதனம் பயன்பாட்டில் உள்ளது என்று அதுவும் திருப்பி அனுப்பியது.

இப்படிப்பட்ட நேரத்தில் கட்டளைக்கு இன்னும் அழுத்தம் கொடுக்கத் தோன்றுவது இயல்பு. குழுவில் அப்படி மூன்று யோசனைகள் வந்தன. நான்கு பாதைகளின் வட்டுகளையும், லினக்ஸின் மையக்கருவான கெர்னல் தன் சாதனங்களைக் காட்டும் சிஸ் அடைவு வழியாக, அடியிலேயே நீக்கிவிடலாம் என்றார் ஒருவர். மல்டிபாத், எல்விஎம் சாதனங்களைக் கையாளும் டிஎம்செட்டப் கட்டளையின் கட்டாயத் தேர்வைப் பயன்படுத்தலாம் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் சர்வரையே மறுபடி துவக்கச் சொன்னார். முதல் இரண்டும் மேலே உயிரோடு இருக்கும் ஒரு கோப்பு முறைமையின் காலடி மண்ணைப் பறிக்கும் செயல்கள் என்பதால் மறுத்தோம். மூன்றாவது வேலை செய்திருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே சர்வரில் வேறு துறைகளின் இரவுக் காப்புப் பணிகள் ஓடிக்கொண்டிருந்தன. அத்தோடு, மறுதுவக்கம் பிடித்திருப்பவரை விடுவிக்குமே தவிர, பிடித்திருந்தவர் யார் என்பதைச் சொல்லாது. இதேபோன்ற அமைப்பில் இன்னும் இரண்டு சர்வர்கள் வரிசையில் காத்திருந்த நிலையில் அந்த விடை எங்களுக்குத் தேவைப்பட்டது.

முதலில் எல்லோரும் ஓடும் இடத்துக்கே நாங்களும் ஓடினோம். ரூட் அனுமதியோடு எல்எஸ்ஓஎஃப் கட்டளையை இயக்கினோம், எதுவும் வரவில்லை. ஃப்யூசர் கட்டளையும் வெறுங்கையோடு திரும்பியது. இந்த இரண்டு கருவிகளும் என்ன பார்க்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டால் இந்த வெறுமை வியப்பளிக்காது. ஒவ்வொரு செயல்முறையும் எந்தக் கோப்புகளைத் திறந்து வைத்திருக்கிறது, எந்த அடைவில் நிற்கிறது, எந்தக் கோப்பை நினைவகத்தில் வரைந்து வைத்திருக்கிறது என்பதையே அவை தேடுகின்றன. கெர்னல் தானே ஒரு சாதனத்தைப் பிடித்திருந்தால், பிடித்தவர் என்று காட்ட அங்கே ஒரு செயல்முறையே இருக்காது. கெர்னலுக்குள் இயங்கும் என்எஃப்எஸ் சர்வர் ஓர் அடைவை வலையமைப்பில் பகிர்ந்திருந்தாலும், கோப்பு ஒன்று லூப் சாதனமாகவோ (வட்டு போல) ஸ்வாப்பாகவோ (நினைவகத்தின் நீட்சியாக) மாற்றப்பட்டிருந்தாலும் எல்எஸ்ஓஎஃப் பட்டியலை மட்டும் நம்புகிறவர் ஏமாறுவார். இவை ஒவ்வொன்றையும் தனித்தனியே சரிபார்த்தோம். என்எஃப்எஸ் பகிர்வு இல்லை, ஸ்வாப் வேறு வட்டில் இருந்தது, லூப் சாதனங்கள் எவையும் இல்லை.

அதன்பிறகு அடுக்குகளைக் கீழிருந்து மேலாக எண்ணிப் பார்த்தோம். டிஎம்செட்டப் ஒவ்வொரு சாதனத்துக்கும் அது எத்தனை பேரால் திறக்கப்பட்டிருக்கிறது என்ற எண்ணிக்கையைக் காட்டும். சிஸ் அடைவில் ஒவ்வொரு வட்டின் கீழும் ஹோல்டர்ஸ் என்றொரு துணை அடைவு உண்டு. அந்த வட்டின்மேல் வேறு சாதனம் ஏறி உட்கார்ந்திருந்தால் அதன் பெயர் அங்கே தெரியும். மல்டிபாத் சாதனத்தின் ஹோல்டர்ஸ் அடைவில் எதிர்பார்த்தபடியே எல்விஎம் சாதனம் இருந்தது. ஆனால் எல்விஎம் சாதனத்தின் ஹோல்டர்ஸ் அடைவு காலி. அதன் திறப்பு எண்ணிக்கையோ 1. மேலே வேறு சாதனம் இல்லை, இருந்தும் ஒருவர் பிடித்திருக்கிறார் என்றால் மிஞ்சுவது பெரும்பாலும் மூன்றே வாய்ப்புகள்: மவுன்ட், ஸ்வாப், அல்லது சாதனத்தையே நேரடியாகத் திறந்திருக்கும் ஒரு செயல்முறை. பின்னிரண்டும் ஏற்கெனவே விலக்கப்பட்டவை. ஆக, மவுன்ட். நாங்கள் சற்று முன்புதான் கண்முன்னே நீக்கிய அதே மவுன்ட்.

இந்த முடிவை முதலில் நான் நம்பவில்லை. நம்பவைத்தது செயல்முறைப் பட்டியலில் இருந்த ஒரு கெர்னல் இழை, அதாவது கெர்னலே பின்னணியில் இயக்கும் ஒரு பணி. எக்ஸ்எஃப்எஸ் மவுன்ட் ஆகும்போது, தன் பதிவேட்டிலுள்ள மாற்றங்களை உரிய இடத்துக்கு நகர்த்துவதற்கென எக்ஸ்எஃப்எஸ்ஏஐஎல்டி என்ற பெயரில் ஓர் இழையைக் கெர்னலில் உருவாக்கும். இழையின் பெயரோடு சாதனத்தின் பெயரும் ஒட்டியிருக்கும். கோப்பு முறைமை முற்றாக விடுபடும்போது அந்த இழையும் மறைந்துவிடும். அன்மவுன்ட் செய்து ஒரு மணி நேரத்துக்கும் மேலாகியும், 4 டெராபைட், 2 டெராபைட் வட்டுகளுக்கான இழைகள் பட்டியலில் இருந்தன. விடுபட்ட 1 டெராபைட் வட்டுக்கான இழை இல்லை. சிஸ் அடைவுக்குள் எக்ஸ்எஃப்எஸ் பிரிவிலும் அந்த இரண்டு சாதனங்களின் பெயர்களே நின்றன. எக்ஸ்டி4 என்ற வேறொரு கோப்பு முறைமையைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஜேபிடி2 என்று தொடங்கும் இழை இதே சாட்சியத்தைச் சொல்லும். கோப்பு முறைமை உயிரோடு இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான ஆதாரம் வேண்டியதில்லை.

அப்படியானால் மவுன்ட் பட்டியலில் அது ஏன் தெரியவில்லை? நாம் பார்க்கும் மவுன்ட் பட்டியல் சர்வருடைய பட்டியல் அல்ல என்பதே விடை. செயல்முறைகளின் விவரங்களைக் கெர்னல் காட்டும் ப்ராக் அடைவில் உள்ள மவுன்ட்ஸ் கோப்பு, அதைப் படிக்கிற செயல்முறையின் சொந்தப் பட்டியலுக்கான சுட்டி மட்டுமே. லினக்ஸில் ஒவ்வொரு செயல்முறையும் ஒரு மவுன்ட் பெயர்வெளிக்குள், அதாவது தன் கண்ணுக்குத் தெரியும் மவுன்ட்களின் தொகுப்புக்குள், வாழ்கிறது. மென்பொருளைத் தனித்து அடைத்து இயக்கும் ஒரு கன்டெய்னர் தொடங்கும்போது அதற்கெனத் தனிப் பெயர்வெளி உருவாகிறது. அதற்குள் எது எங்கே மவுன்ட் ஆகியிருக்கிறது என்பது வெளியே இருக்கும் நமது பட்டியலில் வராது. அன்மவுன்ட் கட்டளை வெற்றி பெற்றது உண்மை, ஆனால் அது வெற்றி பெற்றது நமது பெயர்வெளியில் மட்டும்.

தேட வேண்டிய இடம் தெரிந்தபின் வேலை சில நொடிகளில் முடிந்தது. ஒவ்வொரு செயல்முறைக்கும் ப்ராக் அடைவுக்குள் மவுன்ட்இன்ஃபோ என்றொரு கோப்பு உண்டு. அந்தச் செயல்முறையின் கண்ணுக்குத் தெரியும் எல்லா மவுன்ட்களும், அவற்றின் சாதன எண்களோடு, அதில் இருக்கும். எங்கள் இரண்டு சாதனங்களின் எண்கள் 253:7, 253:8. எல்லாச் செயல்முறைகளின் மவுன்ட்இன்ஃபோ கோப்புகளிலும் இந்த எண்களைத் தேடியபோது ஒரே ஒரு செயல்முறை அகப்பட்டது. வட்டின் பெயரால் தேடாமல் எண்ணால் தேடியதற்குக் காரணம், கன்டெய்னருக்குள் அதே மவுன்ட் வேறு அடைவுப் பெயரோடு இருக்கலாம் என்பதே. அப்படியே இருந்தது. அந்தச் செயல்முறை எந்தக் குழுவில் அடங்கும் என்று காட்டும் சிகுரூப் கோப்பைத் திறந்ததும் அது எந்தக் கன்டெய்னருக்கு உரியது என்பது தெரிந்துவிட்டது: சர்வரின் வட்டு அளவுகளையும் நினைவகப் பயன்பாட்டையும் திரட்டி அனுப்பும் கண்காணிப்பு முகவர்.

அந்த முகவர் சர்வரின் எல்லாக் கோப்பு முறைமைகளையும் அளக்க வேண்டும் என்பதால், சர்வரின் வேர் அடைவு முழுவதையும் படிக்க மட்டும் என்ற அனுமதியோடு கன்டெய்னருக்குள் பைன்ட் மவுன்ட் செய்திருந்தார்கள், அதாவது அதே அடைவை உள்ளேயும் தெரியவைத்திருந்தார்கள். கன்டெய்னர்களை இயக்கும் மென்பொருளான டாக்கரில் இப்படிச் செய்தால் வேரின் கீழுள்ள துணை மவுன்ட்களும் சேர்ந்தே நகலாகும். இதில் தவறில்லை. தவறு ஒரு சொல் விடுபட்டதில் இருந்தது. பைன்ட் மவுன்ட்களுக்கு டாக்கர் இயல்பாகத் தருவது ஆர்பிரைவேட் என்ற பரவல் முறை. கன்டெய்னர் தொடங்கிய பிறகு வெளியே நடக்கும் மவுன்ட், அன்மவுன்ட் எதுவும் உள்ளே எட்டாது. நாம் வெளியே கழற்றினாலும் உள்ளேயிருக்கும் நகல் அப்படியே நிற்கும், அது நிற்கும்வரை கெர்னல் கோப்பு முறைமையை மூடாது. இதற்கு மாறாக ஆர்ஸ்லேவ் என்று குறிப்பிட்டிருந்தால், வெளியே நடக்கும் அன்மவுன்ட் உள்ளேயும் நடந்திருக்கும். கண்காணிப்பு மென்பொருளான புரோமிதியஸின் குழு வெளியிடும் நோட் எக்ஸ்போர்ட்டர் என்ற முகவருக்கான அதிகாரபூர்வ ஆவணம் டாக்கரில் அதை இயக்கும் எடுத்துக்காட்டில் ஆர்ஸ்லேவ் என்றே எழுதுகிறது. எங்கள் அமைப்புக் கோப்பில் அந்தச் சொல்லைச் சேர்க்காமல் விட்டவர்கள் நாங்களே.

இது தெரிந்ததும், அதுவரை விளங்காமல் உறுத்திக்கொண்டிருந்த இன்னொரு கேள்வியும் தீர்ந்தது. மூன்று லன்களில் ஒன்று மட்டும் ஏன் விடுபட்டது? அளவு, வயது, பாதைகளின் நிலை என்று பலவற்றை ஒப்பிட்டுப் பார்த்திருந்தோம். உண்மையான காரணம் நேர வரிசை. 4 டெராபைட், 2 டெராபைட் லன்கள் மவுன்ட் ஆன பிறகு கன்டெய்னர் தொடங்கியது. 1 டெராபைட் லன்னோ கன்டெய்னர் ஓடத் தொடங்கிய பிறகு சேர்க்கப்பட்டது. பரவல் தடுக்கப்பட்டிருந்ததால் அந்தப் புதிய மவுன்ட் கன்டெய்னருக்குள் நுழையவே இல்லை, ஆகவே அதைப் பிடித்துவைக்க அங்கே யாரும் இல்லை. கூடவே, அந்த 1 டெராபைட் வட்டின் கொள்ளளவு எச்சரிக்கைகள் இத்தனை மாதங்களாக வராமல் இருந்ததற்கும் இதுவே காரணம் என்பது அப்போதுதான் புரிந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஒரே குறை இரண்டு முகங்களோடு இருந்திருக்கிறது.

கன்டெய்னரை மறுபடி தொடங்கினால் போதும் என்ற நிலையில், கண்காணிப்புக் குழுவின் ஒப்புதலுக்காகக் காத்திருந்தோம். அந்த இடைவெளியில்தான் நிலைமை மோசமானது. பணித்திட்டத்தில் குறித்திருந்த நேரம் வந்துவிட்டதால், ஸ்டோரேஜ் குழு 2 டெராபைட் லன்னை எங்கள் சர்வரிலிருந்து தங்கள் பக்கத்தில் விலக்கிவிட்டது. இன்னும் கழற்றவில்லை, பொறுங்கள் என்ற எங்கள் செய்தி அவர்களை எட்டும்முன் அது நடந்தது. திட்டத்தை நேரத்தின்மேல் கட்டியிருந்தோம், உறுதிப்படுத்தலின்மேல் கட்டவில்லை. அவர்கள் திட்டத்தின்படி சரியாகவே செய்தார்கள் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்.

நான்கு பாதைகளும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. எங்கள் மல்டிபாத் அமைப்பில், பாதை எதுவும் இல்லாதபோது வரும் வாசிப்பு, எழுத்துக் கோரிக்கைகளைப் பிழையோடு திருப்பாமல் வரிசையில் நிறுத்திவைக்கும்படி குறித்திருந்தோம். ஸ்டோரேஜ் கட்டுப்படுத்தி சில நொடிகள் தடுமாறும் வேளைகளில் இது சர்வரைக் காப்பாற்றும் நல்ல ஏற்பாடு. ஆனால் திரும்பி வரவே போகாத ஒரு லன்னுக்கு, அந்தக் காத்திருப்புக்கு முடிவு கிடையாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்விஎம் விவரங்களைத் திரட்டும் ஓர் இருப்புப் பட்டியல் நிரல் அந்தச் சாதனத்தைப் படிக்கப் போய், டி நிலை எனப்படும் குறுக்கிட முடியாத உறக்கத்தில் சிக்கியது. அடுத்த சுற்றில் வந்தது அதன் பின்னால் நின்றது. அதற்கடுத்ததும் அப்படியே. சுமை எண் ஏறிக்கொண்டே போயிற்று. செயல்முறை 120 நொடிகளுக்கு மேலாக முடங்கிக் கிடக்கிறது என்ற கெர்னல் எச்சரிக்கைகள் சர்வரின் பதிவேட்டில் வரத் தொடங்கின. டி நிலையில் உள்ள செயல்முறையைக் கொல்லும் சமிக்ஞை எதுவும் எட்டாது என்பதால், கில் கட்டளையை எத்தனை முறை கொடுத்தாலும் பயன் இல்லை.

இந்த நேரத்தில் கண்காணிப்புக் குழுவின் ஒப்புதல் வந்தது. கன்டெய்னரை உடனே நிறுத்திவிடலாம் என்று என் கை விசைப்பலகைக்குப் போய்விட்டது. நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பக்கத்தில் இருந்த சக பணியாளர்தான் யோசித்துச் சொன்னார். கன்டெய்னர் முடியும்போது அதன் பெயர்வெளி கலையும். கலையும்போது 2 டெராபைட் வட்டின் எக்ஸ்எஃப்எஸ் கடைசி முறையாக மூடப்படும். மூடும்போது அது தன் பதிவேட்டில் ஒரு முடிவுக் குறிப்பை எழுத வேண்டும். அந்த எழுத்து, பாதையில்லாத சாதனத்தின் வரிசையில் போய் நிற்கும். அதோடு கன்டெய்னரின் செயல்முறையும் டி நிலைக்குப் போயிருக்கும். அதன்பிறகும் மீள வழி இருந்திருக்கும், ஆனால் எதை யார் பிடித்திருக்கிறார்கள் என்ற படம் இன்னும் குழம்பியிருக்கும்.

ஆகவே வரிசையை மாற்றினோம். முதலில், அந்த ஒரு மல்டிபாத் சாதனத்துக்கு மட்டும் காத்திருக்கும் ஏற்பாட்டை நீக்கும்படி டிஎம்செட்டப் வழியாகச் செய்தி அனுப்பினோம். வரிசையில் நின்ற கோரிக்கைகள் அத்தனையும் உள்ளீட்டு வெளியீட்டுப் பிழையோடு திரும்பின. சிக்கிக் கிடந்த செயல்முறைகள் ஒரே மூச்சில் வெளியேறின. இதைச் செய்யும்முன், அந்த லன்னில் எழுதப்படாமல் நினைவகத்தில் மிஞ்சியிருக்கும் தரவு எதுவும் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டோம். தரவு முழுவதும் புதிய ஸ்டோரேஜில் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டிருந்தது, பல மணி நேரமாக அதில் யாரும் எழுதவில்லை. அது இல்லையென்றால் இந்தச் செய்தியை நான் அனுப்பியிருக்க மாட்டேன். லன்னைத் திரும்ப இணைத்துத் தரும்படியே ஸ்டோரேஜ் குழுவைக் கேட்டிருப்பேன். ஒரு கோப்பு முறைமையை வேறொரு பெயர்வெளி பிடித்திருக்கும்போது, நம் பக்கத்தில் நடக்கும் அன்மவுன்ட் அதன் இறுதி மூடலைச் செய்வதில்லை. மூடும் தருணத்தில் எல்லாம் வட்டுக்குப் போய்ச்சேரும் என்ற வழக்கமான நம்பிக்கை இந்த நிலையில் செல்லாது.

அடுத்து கன்டெய்னரை ஆர்ஸ்லேவ் குறிப்போடு புதிதாகத் தொடங்கினோம். இரண்டு வட்டுகளின் கெர்னல் இழைகளும் பட்டியலிலிருந்து மறைந்தன. 4 டெராபைட் லன் முறையான வழியில் விடுபட்டது. 2 டெராபைட் லன்னின் எல்விஎம் விவரங்களைப் படிக்கவே வழியில்லாததால், அதன் லாஜிக்கல் வால்யூமுக்கான சாதனத்தை டிஎம்செட்டப் கொண்டு நீக்கினோம். இப்போது திறப்பு எண்ணிக்கை 0 என்பதால் அதில் கட்டாயம் எதுவும் தேவைப்படவில்லை. பிறகு மல்டிபாத் சாதனம், கடைசியாக நான்கு பாதை வட்டுகள்.

பாதை வட்டுகளை நீக்கும்போது எஸ்டி என்று தொடங்கும் பெயர்களை நம்பி வேலை செய்யக் கூடாது. அவை மறுதுவக்கத்துக்கு மறுதுவக்கம் மாறக்கூடியவை. ஸ்டோரேஜ் பக்கம் காட்டும் நீண்ட அடையாள எண்ணை மல்டிபாத் காட்டும் எண்ணோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டே நீக்கினோம். மல்டிபாத் அந்த எண்ணின் முன்னால் ஒரு 3 சேர்த்துக் காட்டும் என்பதால், முதன்முறை ஒப்பிடுகிறவர்கள் இரண்டும் வேறு என்று குழம்புவதுண்டு. நீக்காமல் விட்ட வட்டுகள் வெறும் குப்பை என்றும் எண்ண வேண்டாம். ஸ்டோரேஜ் குழு அதே லன் எண்ணை நாளை வேறொரு வட்டுக்குக் கொடுத்தால், பழைய பெயரின்கீழ் புதிய வட்டு தோன்றும் ஆபத்து உண்டு. லன் ஒதுக்கீடு மாறிவிட்டது, லினக்ஸ் அதைத் தானாகச் சரிசெய்துகொள்ளாது என்று கெர்னலே பதிவேட்டில் எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையைப் பார்த்தும் கடந்துபோன இடங்களில் வட்டின் உள்ளடக்கமே சிதைந்துபோக வாய்ப்பிருக்கிறது.

எங்கள் பணித்திட்டம் இப்போது இந்த வரிசையில் இருக்கிறது. தானாக மவுன்ட் ஆக வேண்டியவற்றைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பிலிருந்து வரியை நீக்கி, சர்வரின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்கு அதை அறிவித்து, அன்மவுன்ட் செய்கிறோம். எல்லாச் செயல்முறைகளின் மவுன்ட்இன்ஃபோ கோப்புகளிலும் சாதன எண்ணைத் தேடி, எங்கும் இல்லை என்று கண்டபின், கெர்னல் இழை மறைந்ததையும் பார்க்கிறோம். பிறகே எல்விஎம், மல்டிபாத், பாதை வட்டுகள். இவை முடிந்து, சர்வர் பக்கத்தில் அந்த அடையாள எண் எங்கும் இல்லை என்று எழுத்தில் உறுதி தந்த பிறகே ஸ்டோரேஜ் குழு லன்னை விலக்கும், நேரம் எதுவானாலும். இதற்கிடையில் சர்வரில் யாரும் வட்டுகளைப் புதிதாகத் தேடும் கட்டளையைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் நீக்கிய வட்டுகள் அத்தனையும் திரும்ப வந்து நிற்கும்.

வரிசையில் காத்திருந்த இரண்டு சர்வர்களையும் மறுநாள் காலையிலேயே சோதித்தோம். ஒன்றில் கண்காணிப்பு முகவர் கன்டெய்னராக இல்லாமல் நேரடியாக நிறுவப்பட்டிருந்ததால் சிக்கல் இல்லை. மற்றொன்றில் அதே கன்டெய்னர், அதே விடுபட்ட சொல். அதில் ஏழு மவுன்ட்கள் உள்ளே சிறைப்பட்டிருந்தன. அவற்றில் இரண்டு, வெளியே பல வாரங்களுக்கு முன்பே அன்மவுன்ட் செய்து முடித்துவிட்டதாகக் கணக்கில் எழுதப்பட்டவை.